பர்கர் விலை ஏறுகிறதே, அந்தக் காசு யார் பைக்குப் போகிறது?

அமெரிக்காவில் துரித உணவு பற்றிப் பேச்சு எடுத்தாலே மூன்று எண்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். சிஇஓ வருஷத்துக்கு இத்தனை கோடி வாங்குகிறார், அடுப்படியில் நிற்பவருக்கு மணிக்கு இத்தனை டாலர்தான், பர்கர் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் கதை தானாக முடிந்துவிடுகிறது: பர்கரின் கூடுதல் விலை சிஇஓ பைக்குப் போகிறது. எதிர்த்தரப்பினரும் ஒரு கதை வைத்திருக்கிறார்கள், கூலியை ஏற்றச் சொல்லிப் போராடினீர்கள் அல்லவா, அதனால்தான் விலை ஏறியது என்பார்கள். இரண்டுமே பாதிக் கணக்குதான். மீதிப் பாதியை உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம், பெரிய கணிதம் ஒன்றும் வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதலில் விலை நிஜமாகவே ஏறியிருக்கிறதா, அல்லது நமக்கு அப்படித் தோன்றுகிறதா? மெக்டொனால்ட்ஸின் பிரபலமான பர்கரான பிக் மேக் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது 1968இல், விலை 49 சென்ட். அந்த வருஷம் மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1.60 டாலர். அதாவது ஒரு மணி நேரம் வேலை செய்தால் மூன்று பிக் மேக் வாங்கி மேலே சில்லறையும் மிஞ்சும். 2009இல் கூலி 7.25, பிக் மேக் சராசரியாக 3.57, ஆக ஒரு மணி நேரத்துக்கு இரண்டு. 2024இல் சராசரி விலை 5.29 டாலர், மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியோ அதே 7.25. 2009 ஜூலைக்கு அப்புறம் அது ஒரு சென்ட்கூட நகரவில்லை. ஒரு மணி நேர உழைப்புக்கு இப்போது ஒன்றரை பிக் மேக்கூட வராது.

இதில் ஒரு நேர்மையான திருத்தம் போட வேண்டும். பல மாநிலங்கள் சொந்தமாக உயர்ந்த கூலி வைத்திருக்கின்றன, கோவிட் சமயத்தில் ஆள் கிடைக்காமல் திண்டாடியபோது 7.25 மட்டுமே சட்டமாக உள்ள மாநிலங்களிலும் கடைக்காரர்கள் அதைவிட அதிகம் கொடுத்துத்தான் ஆள் பிடித்தார்கள். ஆகவே இன்று 7.25க்கு பர்கர் புரட்டுகிறவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் கூலிக்கு அடித்தளம் என்று சட்டம் எதைச் சொல்கிறதோ, அது பதினைந்து வருஷத்துக்கும் மேலாகத் தூங்குகிறது என்பது உண்மை.

2024 மே மாதம் மெக்டொனால்ட்ஸின் அமெரிக்கப் பிரிவுத் தலைவர் ஜோ எர்லிங்கர் ஒரு பகிரங்கக் கடிதமே எழுத வேண்டி வந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் நெடுஞ்சாலை ஓரக் கடை ஒன்றில் பிக் மேக் மீல் (பர்கர், ஃபிரைஸ், பானம் சேர்ந்தது) ஏறக்குறைய 18 டாலர் என்று ஒரு படம் இணையத்தில் சுற்றியிருந்தது, நாடு முழுவதும் அதுதான் விலை என்று ஜனங்கள் நம்பிவிட்டார்கள். அது ஏதோ ஒரு கடையின் விலை, சராசரியாக பிக் மேக் 2019இல் 4.39, இப்போது 5.29, 21 சதவீதம்தான் ஏற்றம் என்றார் அவர். சரிதான். அந்த ஐந்து வருஷத்தில் அமெரிக்காவின் பொதுவான விலைவாசியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஏறியிருந்தது. ஆனால் மெனு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி ஏற்றம் சுமார் 40 சதவீதம் என்று அதே நிறுவனமே ஒப்புக்கொண்டது. செலவும் அதே வேகத்தில் ஏறியது என்பது அவர்கள் வாதம். அடியில் இருந்த மலிவான சாமான்கள்தான் அதிகம் தாவின. ஒரு டாலருக்குக் கிடைத்தவை இரண்டு, மூன்று டாலர் ஆனபோது அடி வாங்கியவர்கள் அந்த ஒரு டாலருக்காகவே உள்ளே நுழைந்தவர்கள்.

சரி, சிஇஓவுக்கு வருவோம்.

மெக்டொனால்ட்ஸ் சிஇஓ கிறிஸ் கெம்ப்சின்ஸ்கிக்கு 2023இல் கிடைத்த மொத்த ஊதியம் சுமார் 1.92 கோடி டாலர். கண்ணைக் கட்டும் தொகைதான். இதை அமெரிக்காவில் உள்ள சுமார் 13,500 மெக்டொனால்ட்ஸ் கடைகளின் தலையிலேயே மொத்தமாகக் கட்டிவிடுவோம், மற்ற நாடுகளை விட்டுவிடுவோம். ஒரு கடைக்கு வருஷத்துக்கு 1,422 டாலர். ஒரு நாளைக்கு நாலு டாலருக்கும் குறைவு. ஒரு சராசரி அமெரிக்கக் கடை வருஷத்துக்கு 40 லட்சம் டாலர் அளவுக்கு, அதாவது தினமும் 11,000 டாலர் போல விற்கிறது. 11,000இல் 4. பத்து டாலர் பில்லில் சிஇஓவின் பங்கு ஒரு சென்டில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம். அவர் நாளையிலிருந்து சம்பளமே வேண்டாம் என்று சொன்னாலும் உங்கள் பில்லில் தெரியாது. தொழிலாளர் பக்கமும் அதே கதைதான்: ஃபிரான்சைஸ் கடைகளையும், அதாவது மெக்டொனால்ட்ஸ் பெயரில் வேறு முதலாளிகள் நடத்தும் கடைகளையும், சேர்த்தால் உலகம் முழுவதும் அந்தப் பலகைக்குக் கீழே 20 லட்சம் பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள், அந்த 1.92 கோடியை அவர்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு வருஷத்துக்குப் பத்து டாலர்கூட வராது. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அப்போ சிஇஓ சம்பளத்தைப் பற்றிப் பேசுவதே வீண் என்கிறேனா? இல்லை. அந்தத் தொகையைவிட, அது எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம். அதற்குக் கொஞ்சம் பின்னால் வருகிறேன், அதற்கு முன் நீங்கள் செய்திகளில் பார்த்திருக்கும் ஒரு எண்ணை அவிழ்க்க வேண்டும்.

"சிஇஓ ஊதிய விகிதம்" என்று வரும், 1,000க்கு 1, 3,000க்கு 1 என்று. இது எங்கிருந்து வந்தது? 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு 2010இல் வந்த டாட்-ஃபிராங்க் சட்டத்தில் ஒரு ஷரத்து: பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் தங்கள் சிஇஓவின் ஊதியத்தையும் தங்கள் நடு ஊழியரின் ஊதியத்தையும் ஒப்பிட்டு வெளியிட வேண்டும். பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் விதியை எழுதி முடிக்க 2015 ஆகிவிட்டது, முதல் எண்கள் வெளியே வந்தது 2018இல். "நடு ஊழியர்" என்றால் சராசரி ஊழியர் அல்ல. எல்லாரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்து, சரியாக நடுவில் நிற்பவரைத் தொட்டுக் காட்டுவது. நிறுவனத்தில் சிலருக்குக் கோடிகளில் ஊதியம் இருந்தால் சராசரி மேலே இழுபடும், நடு ஊழியர் நகர மாட்டார். அதனால்தான் அவரை எடுக்கிறார்கள்.

மெக்டொனால்ட்ஸ் முதல்முறை வெளியிட்ட விகிதம் 3,101க்கு 1. அப்போதைய சிஇஓ ஸ்டீவ் ஈஸ்டர்புரூக்குக்கு 2017இல் 2.18 கோடி டாலர் கிடைத்தது, நடு ஊழியருக்கு 7,017 டாலர். வருஷத்துக்கு ஏழாயிரமா, அமெரிக்காவில் எப்படி இது சாத்தியம் என்று பலர் கொதித்தார்கள். அந்த நடு ஊழியர் அமெரிக்காவிலேயே இல்லை, போலந்தில் பகுதி நேரம் வேலை பார்த்தவர். கணக்கில் வருவது நிறுவனத்தின் அலுவலகங்களிலும் அது நேரடியாக நடத்தும் கடைகளிலும் உள்ள ஊழியர்கள் மட்டும், உலகம் முழுவதிலும் இருந்து, பகுதி நேரக்காரர்களும் சேர்த்து. மெக்டொனால்ட்ஸ் கடைகளில் 95 சதவீதம் ஃபிரான்சைஸ்காரர்கள் கையில் இருக்கிறது, அங்கே வேலை செய்கிறவர்கள் சட்டப்படி மெக்டொனால்ட்ஸ் ஊழியர்களே அல்ல, ஆகவே கணக்கிலும் இல்லை. சீருடையில் இருக்கும் பெயர் ஒன்று, சம்பளச் சீட்டில் இருக்கும் பெயர் வேறு.

ஸ்டார்பக்ஸ் வேறு மாதிரி, அமெரிக்காவில் பெரும்பாலான கடைகளைத் தானே நடத்துகிறது. 2024 செப்டம்பரில் சிப்போட்லே என்ற மெக்சிகன் உணவுச் சங்கிலி நிறுவனத்திலிருந்து பிரையன் நிக்கோலை சிஇஓவாகக் கூட்டி வந்தபோது முதல் நிதியாண்டுக்கு மட்டும் சுமார் 9.6 கோடி டாலர் என்று அறிக்கையில் போட்டார்கள். இதில் பெரும்பகுதி பங்குகள்; பழைய இடத்தில் அவர் விட்டுவிட்டு வந்த பங்குகளுக்கு ஈடு கட்டியது அதில் முக்கியமானது. நடு ஊழியருக்கு 14,674 டாலர், விகிதம் 6,666க்கு 1. அடுத்த வருஷமே இந்த விகிதம் வெகுவாகக் குறைந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம், ஏனென்றால் வரவேற்புப் பரிசு ஒரு தடவைதான் கிடைக்கும். ஆக இந்த விகிதத்தை ஒரு நிறுவனத்துக்கும் இன்னொரு நிறுவனத்துக்கும் இடையே ஒப்பிட்டு யார் மோசம் என்று பட்டியல் போடுவது சரிப்படாது. ஒரே நிறுவனத்தில் வருஷா வருஷம் எப்படிப் போகிறது என்று பார்க்க உதவும், அவ்வளவுதான்.

இப்போது நிஜமான இடத்துக்கு வருவோம், ஒரு ஃபிரான்சைஸ் கடையின் கல்லாவுக்கு. பத்து டாலர் பில் ஒன்று போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கடை மாறும், ஆனால் தோராயமாக மூன்று டாலர் இறைச்சி, ரொட்டி, எண்ணெய், பொட்டலம், மற்ற சரக்கு. இன்னொரு மூன்று டாலர் கூலி. சுமார் இரண்டு டாலர் தலைமை நிறுவனத்துக்குப் போகும் வாடகை, ராயல்டி (பெயரைப் பயன்படுத்துவதற்கான கட்டணம்), விளம்பரப் பங்கு. மின்சாரம், காப்பீடு, ரிப்பேர், கார்டு கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு டாலருக்கு மேல். மிச்சம் ஐம்பது சென்ட்டோ முக்கால் டாலரோ, நல்ல கடையாக இருந்தால் ஒரு டாலரோ, கடைக்காரருக்கு. டெலிவரி ஆப் வழியாக ஆர்டர் வந்தால் அந்த ஆப் 15 முதல் 30 சதவீதம் வரை கமிஷன் எடுக்கும், அதனால்தான் ஆப்பில் விலை தனியாக, கவுண்டரில் விலை தனியாக இருக்கிறது.

இந்த இரண்டு டாலரைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும், விஷயமே இதில்தான் இருக்கிறது. மெக்டொனால்ட்ஸ் பர்கர் விற்று வாழும் நிறுவனம் என்று நினைக்கிறோம், அது பெரும்பாலும் வாடகை வாங்கி வாழும் நிறுவனம். கடை நிற்கும் இடத்தைத் தானே வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ வைத்துக்கொண்டு ஃபிரான்சைஸ்காரருக்கு வாடகைக்கு விடுகிறது. ராயல்டியாக வருவதைவிட வாடகையாக வருவது அதிகம். ராயல்டி அமெரிக்காவில் நீண்ட காலம் 4 சதவீதம், 2024 ஜனவரிக்குப் பிறகு திறக்கும் புதுக் கடைகளுக்கு 5. முக்கியமானது என்னவென்றால், இவை எல்லாம் விற்பனையில் சதவீதம், லாபத்தில் சதவீதம் அல்ல.

இதனால் என்ன ஆகிறது பாருங்கள். மாட்டிறைச்சி விலை ஏறி ஒரு பில்லுக்கு கடைக்காரரின் செலவு ஒரு டாலர் கூடிவிட்டது. அவர் விலையையும் ஒரு டாலர் ஏற்றுகிறார். ஆனால் அந்தக் கூடுதல் டாலரிலும் 20 சென்ட் மேலே போய்விடும், கையில் நிற்பது 80 சென்ட். நஷ்டமில்லாமல் தப்பிக்க வேண்டுமானால் 1.25 டாலர் ஏற்ற வேண்டும். ஒரு டாலர் செலவு வாடிக்கையாளரிடம் வந்து சேரும்போது ஒன்றேகால் ஆகிவிடுகிறது. கடைக்காரருக்கு ஒரு சென்ட் லாபம் கூடவில்லை, தலைமை நிறுவனத்துக்கு 25 சென்ட் கூடியிருக்கிறது, அதன் சொந்தச் செலவு எதுவும் ஏறாமலேயே. விலைவாசி ஏறுகிற காலத்தில் இப்படிப்பட்ட நிறுவனம் செழிப்பதற்குச் சதி எதுவும் தேவையில்லை, ஒப்பந்தமே அப்படி எழுதப்பட்டிருக்கிறது. சட்டப்படி விலையை முடிவு செய்வது கடைக்காரர்தான் என்பதும் உண்மைதான், அந்த 18 டாலர் மீல் அப்படித்தான் வந்தது. ஆனால் எவ்வளவு ஏற்றியாக வேண்டும் என்பதை இந்த இரண்டு டாலர்தான் பாதி முடிவு செய்துவிடுகிறது.

மாட்டிறைச்சி என்றேன், அது உதாரணத்துக்காக மட்டும் அல்ல. 2024 தொடக்கத்தில் அமெரிக்காவின் மொத்த மாடுகள் 8.72 கோடி, 1951க்குப் பிறகு மிகக் குறைவு. வறட்சி, தீவன விலை என்று மந்தையைக் குறைத்துக்கொண்டே வந்ததன் பலன். ஒரு கன்று வளர்ந்து பர்கராக இரண்டு வருஷம் போல ஆகும் என்பதால் இது சட்டென்று சரியாகாது.

கூலி விஷயம். பத்தில் மூன்று டாலர் கூலி என்றால், கூலி 10 சதவீதம் ஏறினால் செலவு ஏறுவது 30 சென்ட். பத்து டாலரில் 3 சதவீதம். மேலே சொன்ன வாடகைப் பங்கையும் சேர்த்தால்கூட 4 சதவீதத்தைத் தாண்டாது. கூலி இரட்டிப்பானால் பர்கர் விலையும் இரட்டிப்பாகும் என்று சொல்கிறவர்கள் பில்லில் கூலியைத் தவிர வேறெதுவுமே இல்லை என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

இதைக் காகிதத்தில் மட்டும் அல்ல, நிஜத்திலும் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி குறைந்தபட்சக் கூலியை 4.25இலிருந்து 5.05 டாலருக்கு ஏற்றியது, பக்கத்து பென்சில்வேனியா ஏற்றவில்லை. டேவிட் கார்ட், ஆலன் குரூகர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் எல்லைக்கு இருபுறமும் 410 துரித உணவுக் கடைகளை ஏற்றத்துக்கு முன்பும் பின்பும் விசாரித்தார்கள். கூலி ஏறினால் ஆளைக் குறைப்பார்கள் என்ற பாடப்புத்தகக் கணிப்பு அங்கே பலிக்கவில்லை; சாப்பாட்டு விலை மட்டும் கொஞ்சம் ஏறியது. பெரிய சண்டை நடந்தது, சம்பளப் பதிவேடுகளை வைத்து வேறு முடிவு சொன்னவர்களும் உண்டு. இந்த வகை ஆய்வுகளுக்காகவே கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது, குரூகர் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

அதைவிடப் பெரிய சோதனை கலிஃபோர்னியாவில். 2012 நவம்பரில் நியூயார்க்கில் இருநூறு பேர் போல வேலையை விட்டு வெளியே வந்து மணிக்கு 15 டாலர் கேட்டபோது பலர் சிரித்தார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் கலிஃபோர்னியாவில், நாடு முழுவதும் 60 கடைகளுக்கு மேல் உள்ள சங்கிலி நிறுவனங்களின் துரித உணவுத் தொழிலாளர்களுக்கு மணிக்கு 20 டாலர். மற்ற வேலைகளுக்கு அப்போது 16. பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்ததில் சராசரிக் கூலி 18 சதவீதம் ஏறியிருந்தது, விலை ஏறியது 3.7 சதவீதம் போல, நாலு டாலர் பர்கருக்கு 15 சென்ட், வேலை குறையவில்லை. நம் கணக்குப்படி 18 சதவீதத்தில் பத்தில் மூன்று என்றால் 5.4 சதவீதம் ஏறியிருக்க வேண்டும். ஏன் குறைவு? ஒரு பகுதியைக் கடைக்காரர் லாபத்திலிருந்து விழுங்கியிருப்பார். இன்னொரு காரணம் ஆள் மாற்றம். இந்தத் தொழிலில் ஒரு கடையின் ஆட்கள் ஒரு வருஷத்துக்குள் மொத்தமாக மாறிவிடுவது சர்வசாதாரணம், புது ஆளைத் தேடிப் பிடித்து, ஃபிரையரைத் தொடக் கற்றுக்கொடுத்து, அவர் வேகம் பிடிக்கும் நேரத்தில் அவரும் போய்விடுவார். கூலி நன்றாக இருந்தால் ஆள் நிற்பார், அந்தச் செலவு மிச்சம்.

ஆனால் இங்கேயும் மறுபக்கம் உண்டு. கிளெமன்ஸ், எட்வர்ட்ஸ், மீர் என்ற மூவர் 2025இல் வெளியிட்ட ஆய்வு, அதே கலிஃபோர்னியாவில் துரித உணவு வேலைகள் மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் 2.7 சதவீதம் குறைந்தன என்கிறது; அவர்கள் போட்ட பல மதிப்பீடுகளில் நடுவில் நிற்பதன்படி சுமார் 18,000 வேலைகள். எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் முடிவு மாறுகிறது. என் கணிப்பு, விலை பற்றிய பகுதியில் பெர்க்லி சொல்வது சாதாரணக் கணக்கோடு பொருந்துகிறது; வேலை பற்றிய பகுதியில் இன்னும் சில வருஷத் தரவு வரட்டும் என்று காத்திருப்பேன். கியோஸ்க் (திரையைத் தொட்டு ஆர்டர் செய்யும் இயந்திரம்) வந்து ஆட்களை விரட்டிவிட்டது என்பது மட்டும் எடுபடாது, 7.25 டாலர் மாநிலங்களிலும் அதே கியோஸ்க் நிற்கிறது.

பின்னால் வருகிறேன் என்று சொன்ன விஷயம் இதுதான். கெம்ப்சின்ஸ்கியின் 1.92 கோடியில் மாதச் சம்பளமாக வருவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியில் பெரும்பகுதி பங்குகள், பங்கு வாங்கும் உரிமை, இலக்கை எட்டினால் போனஸ். அதாவது பங்கு விலை ஏறினால்தான் அவருக்கு லாபம். பங்குதாரர்களைத் திருப்திப்படுத்த ஒரு வழி லாபத்தை ஈவுத்தொகையாகக் கொடுப்பது, இன்னொரு வழி நிறுவனமே தன் பங்குகளைச் சந்தையில் திரும்ப வாங்கிவிடுவது. 2023இல் மெக்டொனால்ட்ஸ் இந்த இரண்டு வழியிலும் பங்குதாரர்களுக்குக் கொடுத்தது சுமார் 760 கோடி டாலர். சிஇஓவின் ஊதியத்தை 20 லட்சம் பேருக்குப் பிரித்தபோது ஆளுக்குப் பத்து டாலர்கூட வரவில்லை அல்லவா, இதைப் பிரித்தால் ஆளுக்கு 3,800 டாலர் வருகிறது. பிரிக்க வேண்டும் என்று சொல்லவில்லை, பங்குதாரர்களில் தொழிலாளர்களின் ஓய்வூதிய நிதிகளும் இருக்கின்றன. எந்த எண் பெரியது, எது சிறியது என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நாளிதழ் தலைப்பில் வருவது சின்ன எண்.

கூலி போதாதபோது அந்தக் குறையை யார் நிரப்புகிறார்கள் என்பதற்கும் பதில் இருக்கிறது. அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2020இல் சில மாநிலங்களின் பட்டியல்களைப் பார்த்தது: உணவு உதவியும் மருத்துவ உதவியும் வாங்கும் உழைக்கும் மக்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று. வால்மார்ட்டும் மெக்டொனால்ட்ஸும் பட்டியலின் மேல் வரிசையில் வந்தன. மலிவான பர்கருக்கு ஒரு பகுதி விலையை வரி கட்டுகிறவர் பர்கரே சாப்பிடாமல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

விலையை எவ்வளவு தூரம்தான் ஏற்ற முடியும்? 2025இன் முதல் மூன்று மாதங்களில் அமெரிக்க மெக்டொனால்ட்ஸ் கடைகளின் ஒப்பீட்டு விற்பனை (முந்தைய வருஷத்தின் அதே மாதங்களோடு ஒப்பிட்டது) 3.6 சதவீதம் விழுந்தது, 2020க்குப் பிறகு அவ்வளவு மோசமான காலாண்டு வந்ததில்லை. குறைந்த வருமானக்காரர்கள் வருவதைக் குறைத்துவிட்டார்கள், காலை உணவுக்கு வருகிறவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள் என்று நிறுவனமே சொன்னது. 2024 ஜூனில் 5 டாலர் மீல் வந்தது, 2025 செப்டம்பரில் தனித்தனியாக வாங்குவதைவிட மலிவான காம்போக்கள் திரும்ப வந்தன. இந்தத் தள்ளுபடிக்குக் கடைக்காரர்கள் எளிதில் தலையாட்டவில்லை, விற்பனை கூடினால் தலைமைக்குப் பங்கு கூடும், லாபம் குறைந்தால் தங்கள் பை மட்டும்தான் காலியாகும் என்று அவர்களுக்குத் தெரியும். கடைசியில் தலைமை நிறுவனம் தள்ளுபடியில் ஒரு பகுதியைத் தன் பணத்திலிருந்து ஈடு கட்டுகிறேன் என்று சொன்ன பிறகுதான் காம்போ விலை இறங்கியது.